ராகுகாலம் கழிஞ்சு வாங்க

இங்கிட்டுத் தள்ளி உக்காருங்க தங்கச்சி, வெயிலு உங்க மேல அடிக்குது. பை என் மடியிலயே இருக்கட்டும், கனம் ஒண்ணுமில்ல. புளிச்சோறும் அவிச்ச முட்டையும்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா எந்நேரம் விடுவாகன்னு யாரு கண்டா.

பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கேட்டீங்கள்ல, மதுரையில எங்கன்னு. கண் ஆஸ்பத்திரிக்குன்னேன். நாங்களும் அங்கதான், தம்பிக்குக் காட்டணும்னு நீங்களும் சொன்னீங்க. அந்தா கடைசி சீட்டுல, இந்த வேக்காட்டுல முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதானே? பாவம், சின்ன வயசு. இம்புட்டு வயசுலயே கண்ணுன்னா கஷ்டந்தான்.

எம்மகளக் காட்டுறேன், பாருங்க. முன்னாடி, டிரைவருக்குப் பின்னாடி ஜன்னலோரம், பச்சைச் சுடிதாரு. அவதான் கோகிலா. என் பக்கத்துல எடம் கெடந்துச்சு. ஆனாலும் அங்க போயி உக்காந்துட்டா. ஏன் போனான்னு நீங்க கேக்கல, நல்ல மனுஷி. நானே சொல்றேன். நான் கண் ஆஸ்பத்திரின்னு சொன்னேன் பாருங்க, அப்ப என்னைய ஒரு பார்வை பாத்தா. வைதிருந்தாக்கூட பரவாயில்ல. அந்தப் பார்வை இன்னும் முதுகுல ஊறிக்கிட்டே கெடக்கு.

பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. எங்களுக்குக் கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம். மனநலம் பாக்குற எடத்துக்கு. பாத்தீங்களா, சொல்றப்பவே குரலு எப்படிக் கீழ எறங்குதுன்னு? திருடப் போறவ கணக்கா.

நான் ஒண்ணும் பொய்க்காரி இல்ல, கேட்டுக்கங்க. ஊரு அப்படி. உங்களுக்குத் தெரியாததா. அருப்புக்கோட்டையில எங்க தெரு எப்படின்னா, எதிர்வீட்டுல தாளிச்சா நம்ம வீட்டுல தும்மல் வரும், அம்புட்டுதான் அகலம். வயசுக்கு வந்த பிள்ளைய வச்சிருக்கவ, கட்டிக்குடுக்க வேண்டியவ, இதை எப்படி வெளிய சொல்லுவா? சொல்லுங்க. அவுக அப்பாவோ லாரியில ஓடுறாரு. மாசத்துல பாதி நாளு வடக்கதான் கெடப்பாரு. போன் போட்டா "நீ பாத்துக்க தனம்"ம்பாரு. எல்லாத்தையும் தனம்தான் பாக்கணும்.

என்னாச்சு பிள்ளைக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. மருந்துக்கடையில வேலை பாத்துக்கிட்டிருந்தா. நல்லாத்தான் போனா, நல்லாத்தான் வந்தா. பைய பையப் பேச்சு கொறைஞ்சுச்சு. சோறு கொறைஞ்சுச்சு. ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு மோட்டுவளையப் பாத்தபடி கெடப்பா. திருஷ்டி கழிச்சேன். மந்திரிச்சுக் கயிறு கட்டுனேன். அவளேதான் ஒரு நாளு, "அம்மா, இது வியாதிம்மா, டாக்டர்கிட்டப் போகணும்"னு கூட்டிக்கிட்டுப் போனா. அவதான் என்னையக் கூட்டிக்கிட்டுப் போனா, நான் அவளை இல்ல. டாக்டர் மாத்திரை குடுத்தாரு. அங்கன இருந்த நர்சம்மா ஒரு போன் நம்பர் குடுத்தாக. "இங்க சாயங்காலத்தோட முடிஞ்சிரும், ஞாயித்துக்கிழமை ஓபி கெடையாது. அந்த நேரத்துல பிள்ளைக்கு முடியாமப் போச்சுன்னா இவங்களைக் கூப்பிடுங்க. துணைக்குழுன்னு பேரு. உங்க ஊருலயே ஆளு இருக்காங்க, வீட்டுக்கே வருவாங்க"ன்னாக. வீட்டுக்கே வருவாகளாம். வீட்டுக்கு வந்தா தெரு பாக்குமே!

இந்தச் சித்திரையில ஒரு ஞாயித்துக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். கோகிலா வந்து என் முன்னாடி உக்காந்தா. ரெண்டு தண்டை எடுத்து அவளும் ஆஞ்சா. அப்புறம் சொன்னா, "அம்மா, நான் இருக்க வேணாம்மா"ன்னு. நான், எங்க இருக்க வேணாம்ங்கிறான்னு முழிக்கிறேன். "உசுரோட இருக்க வேணாம்னு தோணிக்கிட்டே இருக்கும்மா. இன்னைக்கு ரொம்பத் தோணுது. எனக்குப் பயமா இருக்கு. அந்த நம்பருக்குப் போன் போடும்மா"ன்னா.

அவளேதான் கேட்டா தங்கச்சி. பயமா இருக்குன்னு, என் முன்னாடி உக்காந்து கேட்டா. அதை நினைச்சாத்தான்...

சரி. போன் போட்டேன். போடலன்னு யாரும் என்னையச் சொல்ல முடியாது. கொல்லைப்பக்கம் போயி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு போட்டேன். ஞானசேகர்னு ஒருத்தரு எடுத்தாரு. பேச்சு தணிவா இருந்துச்சு. பிள்ளை என்ன சொன்னா, இப்ப எங்க இருக்கா, கூட யாரு இருக்கான்னு கேட்டாரு. "நாலரைக்கு வந்திருவோம்மா, ஆட்டோவுல வர்றோம்"னாரு. நாலரைக்கான்னு திருப்பிச் சொன்னேன். அப்புறம் நான் என்ன கேட்டேன்னு நினைக்கிறீங்க? "ஆட்டோவுல உங்க போர்டு எதுவும் எழுதியிருக்கா?"ன்னு கேட்டேன். எழுதியிருக்காம். மனநலத் துணைக்குழுன்னு முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் எழுதியிருக்காம்.

அந்நேரம் பாத்துச் சுவத்துக்கு மேல தங்கப்பொண்ணு மதினி தலை தெரியுது. பக்கத்து வீடு. துணி எடுக்க வந்தவ. "யாரு தனம் வர்றா நாலரைக்கு?"ங்கிறா. பாம்புக் காது அவளுக்கு.

என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? "கோகிலாவப் பொண்ணு பாக்க வர்றாக மதினி."

யோசிச்சுச் சொல்லல, சத்தியமா யோசிச்சுச் சொல்லல. அதுவா வந்துச்சு. வீட்டுக்குத் தெரியாத ஆளுக வர்றாக, பிள்ளை அழுத மூஞ்சியோட இருக்கா, பேச்சு கதவைச் சாத்திக்கிட்டு நடக்கும்னா, வேற என்ன காரணம் சொல்லுவீங்க? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

மதினிக்கு வாயெல்லாம் பல்லு. "அடியாத்தீ! சொல்லவேயில்ல!" அப்புறம் நெத்தியச் சுருக்குறா. "ஏத்தா, நாலரைக்கா? ஞாயித்துக்கிழமை நாலரையில இருந்து ஆறு வரைக்கும் ராகுகாலமில்ல? எந்த மாப்பிள்ளை வீட்டுக்காரன் ராகுகாலத்துல வருவான்? வெவரங்கெட்ட ஆளுகளா இருக்காகளே!"

பாத்துக்கங்க. மாட்டிக்கிட்டேன்.

திரும்பவும் போன் போட்டேன். "தம்பி, ராகுகாலம் கழிஞ்சு வாங்க"ன்னேன். "அம்மா, பிள்ளைக்கு முடியலன்னுதானே கூப்பிட்டீங்க?"ங்கிறாரு. ஆமா தம்பி, ஆனா இந்த மாதிரி இந்த மாதிரி, தெருவுல இப்படிச் சொல்லிட்டேன், ஆறு மணிக்கு மேல வாங்க, போர்டு போட்ட ஆட்டோவைத் தெருமுனையிலயே நிப்பாட்டிருங்க, மூணு பேரா வராதீங்க, வரும்போது பூவும் பழமும் வாங்கிக்கங்க, நான் அப்புறம் ஈடு பண்ணிருறேன்னு மளமளன்னு சொல்றேன். அவரு, "கோகிலாகிட்டப் போனைக் குடுங்க"ன்னாரு. "தூங்குறா"ன்னேன். தூங்கல அவ. உள்ள உக்காந்து என் வாயைப் பாத்துக்கிட்டிருந்தா. அப்ப அவரு சொன்னாரு, "நாங்க இப்பவே கெளம்பி உங்க தெருமுனை டீக்கடையில வந்து நிக்கிறோம். நீங்க எப்பக் கூப்பிட்டாலும் ஓடி வந்திருவோம். அதுவரைக்கும் ஒரே ஒரு காரியம் செய்யுங்க. பிள்ளையத் தனியா விடாதீங்க. பக்கத்துலயே இருங்க. அது போதும்"னாரு. சரி சரின்னேன். சரி சரின்னா என்ன அர்த்தம்? போனை வைங்கன்னு அர்த்தம்.

ஏன்னா எனக்கு வேலை கெடக்கே! பொண்ணு பாக்க வர்றாகன்னா கேசரி கிண்ட வேணாமா? பஜ்ஜி போட வேணாமா? மதினி சும்மா இருப்பாளா, அதுக்குள்ள தெருவுக்கே தண்டோரா போட்டுட்டா. ஒருத்தி வாழைக்காயோட வர்றா, ஒருத்தி நல்ல டம்ளரு கொண்டுக்கிட்டு வர்றா. அடுப்படி நெறைய ஆளு. ஒரே சிரிப்பு. மாப்பிள்ளை என்ன வேலை, எந்த ஊருன்னு கேள்வி. நானும் சொல்றேன் தங்கச்சி! சாத்தூருல சொந்தமா கடைன்னு சொல்றேன். கையில கரண்டி, வாயில பொய்யி. அந்தக் கொஞ்ச நேரம், சொல்லவே நாக்கு கூசுது, எனக்குச் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. நெசமாவே யாரோ வரப்போறாக கணக்கா.

கோகிலாகிட்டப் போயி பட்டுச்சேலைய எடுத்து வச்சேன். அரக்கு நெறம், அவளுக்கு எடுப்பா இருக்கும். "இதைக் கட்டிக்கத்தா. அவுக வந்ததும் செத்த நேரம் சிரிச்ச மூஞ்சியா உக்காரு. இவளுக எல்லாம் போனதுக்கப்புறம் உள்ள வச்சுப் பேசிக்கலாம்"னேன். என்னையவே பாத்தா. "என்னையப் பாக்க வர்றவங்களுக்கு முன்னாடியும் நான் நல்லா இருக்க மாதிரி நடிக்கணுமாம்மா?"ன்னு கேட்டா. "செத்த நேரம்தானே"ன்னேன். "சரிம்மா"ன்னுட்டா. எதுத்துப் பேசல, சரிம்மான்னுட்டா. நானும் சமத்துப் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். கேசரி அடிப்பிடிச்சிருமேன்னு ஓடி வந்துட்டேன்.

தனியா விடாதீங்கன்னு சொன்னாருல்ல. வீடு நெறைய ஆளு இருக்கு, எங்கிட்டுத் தனியா விட்டேன்னு தோணும். ஆளு எல்லாம் அடுப்படியில. அவ ஒருத்திதான் உள்ள.

மதினி மல்லிகைப்பூவ எடுத்துக்கிட்டு, தலை பின்னிவிடப் போறேன்னு போனா. போனவ திரும்பி வந்து, "உள்ள தாழ்ப்பாப் போட்டிருக்கு தனம். கூப்பிட்டேன், சத்தத்தக் காணோம்"னா. சேலை கட்டுவா மதினின்னேன். இன்னும் ரெண்டு பஜ்ஜி திருப்பிப் போட்டேன். அப்புறம்தான் போயிக் கதவைத் தட்டுனேன்.

எப்படித் தட்டுனேன் தெரியுமா? பைய. விரல் நுனியால. சத்தமாத் தட்டுனா வெளிய கேக்குமேன்னு. "கோகிலா... கோகிலா..."ன்னு, தூங்குற பச்சைப்பிள்ளைய எழுப்புறாப்புல கூப்பிடுறேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. அப்பவும் எனக்குக் கத்த வரல. பெத்தவ தங்கச்சி நானு. தொண்டையில கத்தலு நிக்குது, வெளிய விடமாட்டேங்குறேன். மதினிதான் என்னைய ஒரு தள்ளு தள்ளிட்டு ரெண்டு கையாலயும் கதவைக் குத்துனா. "ஏ கோகிலா! கதவைத் தொறடீ!"ன்னு அவ போட்ட கூப்பாடு தெருமுனை வரைக்கும் போயிருச்சு.

நல்லதுக்குத்தான் போச்சு. அங்கதானே அவுக நின்னாக.

ஓடி வந்தாக. ஞானசேகர் தம்பி, நாப்பது வயசு இருக்கும், முன்மண்டை வழுக்கை, ஒரு கையில ரெண்டு சீப்பு வாழைப்பழம். கேட்டேன்னு நெசமாவே வாங்கிட்டாரு மனுஷன். கூட ஒரு பொண்ணு, ஹசீனான்னு பேரு, தலையில முக்காடு, கையில மல்லிகைப்பூப் பொட்டலம். தெருவே திரும்பிப் பாக்குது. வாழைக்காய் கொண்டுவந்தவ, "இவருதான் மாப்பிள்ளையா?"ங்கிறா. இன்னொருத்தி, "மாப்பிள்ளை வீட்டுல அவுக சாதிசனமும் உண்டா?"ங்கிறா. கதவுக்கு அங்கிட்டு எம்மக எப்படி இருக்காளோன்னு நினைக்கணுமா இல்லையா நானு? என் புத்தி, அந்தப் பிள்ளை முக்காட்டுக்கு என்ன பதில் சொல்லுறதுன்னு ஓடுது. செருப்பால அடிக்கணும் என்னைய.

ஹசீனா பூவக் கீழ வச்சுட்டுக் கதவோரமாத் தரையில உக்காந்துருச்சு. தட்டல, கத்தல. "கோகிலா, நான் ஹசீனா. போன வாரம் போன்ல பேசுனோமே"ன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போன வாரமே பேசியிருக்கா, எனக்குத் தெரியாது! "கதவைத் தொறக்க வேணாம்பா. எங்கிட்டப் பேசு, போதும். பேசக்கூட வேணாம், கேக்குதுன்னா ஒரு தட்டுத் தட்டு"ன்னுச்சு.

எம்புட்டு நேரமோ. உள்ளருந்து கதவுல ஒரு தட்டு. லேசா. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

ஹசீனா பேசிக்கிட்டே இருந்துச்சு. என்னென்னமோ. வெயிலு, டீக்கடை, வாழைப்பழம் வெலை. சிரிப்பு வர்ற மாதிரிகூட ஏதோ சொல்லுச்சு. ஞானசேகர் தம்பி பின்பக்கம் ஜன்னலு இருக்கான்னு என்கிட்டச் சைகையில கேட்டுட்டு அங்கிட்டுப் போயி நின்னாரு. கடைசியா உள்ளருந்து எம்மக குரலு கேட்டுச்சு. "எங்கம்மா அங்க இருக்காங்களா?"

இருக்காங்கப்பான்னுச்சு ஹசீனா.

"தெருக்காரங்க இருக்காங்களா?"

எல்லாரும் இருக்காங்கன்னுச்சு.

"நீங்க யாரு, எதுக்கு வந்திருக்கீங்கன்னு எங்கம்மாவ அவங்ககிட்டச் சொல்லச் சொல்லுங்க. சொன்னா நான் கதவைத் தொறக்கிறேன்."

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாக்குறாக. தங்கப்பொண்ணு மதினி பாக்குறா. டம்ளரு குடுத்தவ பாக்குறா. எம்மக உசுரு ஒரு தாழ்ப்பாளுக்கு அங்கிட்டு நிக்குது. நான் சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. சொன்னேன் தங்கச்சி. என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒண்ணுமில்ல மதினி, பிள்ளைக்குத் தலைசுத்தலு. வெயிலு."

ஆமா. அப்பவும் அதுதான் வந்துச்சு. அந்த நேரத்துலயும்.

உள்ள சத்தம் நின்னு போச்சு. ஹசீனா கூப்பிடுது, கோகிலா, கோகிலான்னு. பதில் இல்ல. தட்டுன்னு சொல்லுது, தட்டல. ஞானசேகர் தம்பி பின்னாடி ஜன்னல் கம்பியப் பிடிச்சு ஆட்டுற சத்தம் கேக்குது. அந்த அமைதி இருக்கே, அதுக்கப்புறம் எனக்கு ஒரு தெருவும் தெரியல, ஒரு மதினியும் தெரியல. கத்துனேன். "எம்மகளுக்கு மனசு சரியில்ல! சாகப்போறேங்கிறா! இவுக மாப்பிள்ளை வீடு இல்ல, பிள்ளையக் காப்பாத்த வந்தவுக! நாலரைக்கே வர்றோம்னாக, நான்தான் வரவிடல! உங்களுக்குப் பயந்துதான் வரவிடல! நான்தான் பொய் சொன்னேன், கோகிலா, கதவைத் தொறடீ, எந்தங்கம், கதவைத் தொறடீ"ன்னு கதவுல மண்டையப் போட்டு மோதுறேன்.

தாழ்ப்பா நகந்துச்சு.

பட்டுச்சேலையக் கட்டியிருந்தா தங்கச்சி. நான் சொன்னேன்னு கட்டியிருந்தா. கொசுவம் கலைஞ்சு, மூஞ்சியெல்லாம் வேத்துப்போயி நிக்கிறா. என்கிட்ட வரல. ஹசீனா மடியிலதான் போயிச் சாஞ்சா. உள்ள என்ன வச்சிருந்தா, என்ன செய்ய இருந்தாங்கிறதை நான் யாருகிட்டயும் சொல்றதில்ல. ஞானசேகர் தம்பி உள்ள போயி அதை எடுத்து ஒரு பைக்குள்ள போட்டு வெளிய கொண்டுபோயிட்டாரு.

தெரு என்ன செஞ்சுச்சுன்னு கேப்பீங்க. காறித் துப்பும்னு நினைச்சேன். தங்கப்பொண்ணு மதினி, "எண்ணெய் புகையுது"ன்னு போயி அடுப்ப அணைச்சா. அப்புறம் ஒவ்வொருத்தியா அவுக அவுக வீட்டுக்குப் போயிட்டாக. டம்ளரு குடுத்தவ மட்டும் டம்ளர எடுக்கல, அப்படியே விட்டுட்டுப் போனா. மதினி போகும்போது என் தோளைத் தொட்டு, "எங்களுக்குப் பயந்தா நாலரைக்கு வரவிடல?"ன்னு கேட்டா. கோவமாக் கேக்கல. அழுதுக்கிட்டே கேட்டா.

அன்னைக்கே அந்த ஆட்டோவுலதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம். ஞாயித்துக்கிழமையும் அவசரத்துக்கு டாக்டர் இருப்பாருன்னு கூட்டிக்கிட்டு வந்தாக. முன்னாடியும் பின்னாடியும் எழுதுன ஆட்டோ. வழியெல்லாம் ஹசீனா அவ கையப் பிடிச்சுக்கிட்டு வந்துச்சு. நான் சேலைத் தலைப்பால மூஞ்சிய மூடிக்கிட்டு வந்தேன்.

இப்பத் தேறிட்டா. சாப்பிடுறா. மருந்துக்கடைக்குக் கூட மத்தியானம் வரைக்கும் போறா. ஹசீனா வாராவாரம் வருது, ஞாயித்துக்கிழமை. அதுல எனக்கு ஒரு சடவுதான், மறைக்காமச் சொல்றேன். ஆட்டோவ எங்க வாசல்லயே கொண்டாந்து நிப்பாட்டுறாக. முக்குல நிப்பாட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கோகிலாதான், "வாசல்லயே நிப்பாட்டுங்க"ங்கிறா. ஆட்டோச் சத்தம் கேட்டா அடுப்படிக்கு வந்து, "அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க, கேசரி கிண்டலையா?"ன்னு கேலி பண்றா. சிரிக்கிறாளேன்னு சந்தோஷப்படுறதா, அழுகுறதா? மதினி வேற, தெருவுல வச்சு எல்லாருக்கும் கேக்குறாப்புல, "கோகிலா, மாத்திரை போட்டியா?"ங்கிறா. அவளும், "போட்டேன் அத்தை"ங்கிறா, என்னமோ கறிகாய் வாங்கிட்டியான்னு கேட்ட மாதிரி. எனக்குத்தான் உள்ள போயி ஒளிஞ்சுக்கலாம் போல வருது.

அந்தக் கொடுமையத்தான் சொல்ல வந்தேன். அத்தனை பேரு முன்னாடி கதவுல மண்டைய முட்டிச் சொன்ன வாயி இது. பஸ் ஸ்டாண்டுல, ஊரு பேரு தெரியாத நீங்க, சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டீங்க. கண் ஆஸ்பத்திரின்னுருச்சு. எம்மக பக்கத்துல நிக்கிறா, அவ காதுபட. அவ மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நம்ம அம்மாவுக்கு நாம இன்னும் மறைக்க வேண்டிய சாமானாத்தான் இருக்கோம்னு நினைச்சிருப்பாளா இல்லையா? அதான் முன்னாடி போயி உக்காந்துட்டா. நீங்க எறங்குறதுக்கு முன்னாடி அவகிட்டச் சொல்லணும், அந்தத் தங்கச்சிகிட்ட நெசத்தச் சொல்லிட்டேன்டீன்னு. நீங்களும் தலைய ஆட்டுங்க, என்ன? அப்பத்தான் நம்புவா.

ஆத்தாடி, மதுரையே வந்துருச்சா, பேச்சுல தெரியல. கண்டக்டர் கத்துறாரு பாருங்க, கண் ஆஸ்பத்திரி எறங்குறவுக வாங்கன்னு. எந்திரிங்க தங்கச்சி, உங்க ஸ்டாப்பு. தம்பியக் கூப்பிடுங்க, அவரு ஜன்னலையே பாத்துக்கிட்டு இருக்காரு. கூட்டம் எறங்குது, வெரசா எந்திரிங்க. ஏ கண்டக்டரு தம்பி, பொறு, இங்க ரெண்டு பேரு...

என்ன? ஏன் என் கையப் பிடிக்கிறீங்க?

வேணாமா?

விசில் குடுத்துட்டானே. பஸ்ஸு கெளம்பிருச்சே தங்கச்சி.

...

ஓ.

தம்பிக்கா.

இம்புட்டு நேரம் என்னையப் பேசவிட்டுட்டு... முழுக்கைச் சட்டைய நானும் பாத்துக்கிட்டுத்தானே வாறேன். கையில இருக்க காயத்த மறைக்கத்தானா அது? எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அழாத. இல்ல, அழு. நல்லா அழு, வாயப் பொத்திக்கிட்டு அழாத. யாரு பாத்தா என்ன? பாக்கட்டும். ஏ கோகிலா! கோகிலா, இங்க வா! பின்னாடி அந்த அண்ணன் தனியா உக்காந்திருக்காரு பாரு, அவரு பக்கத்துல போயி உக்காருத்தா. ஆமா, நம்ம எறங்குற எடத்துலதான் இவுகளும் எறங்குறாக. ஆமாடீ, பெரியாஸ்பத்திரிக்குத்தான். மனநல வார்டுக்குத்தான். சத்தமாத்தான் சொல்றேன், போ.

போனை எடு நீ. நம்பரச் சொல்றேன், எழுதிக்க. உங்க ஊருப்பக்கம் அவுக வருவாகளான்னு எனக்குத் தெரியல, வராட்டியும் அங்கிட்டு யாரு இருக்காகன்னு சொல்லுவாக. ஆஸ்பத்திரி பூட்டுன பிறகு, ஞாயித்துக்கிழமை, தீபாவளி, பொங்கலு, எப்பன்னாலும் எடுப்பாக. தம்பிக்கு முடியலன்னா ஒரு நிமிஷம் யோசிக்காத. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி போயி நிக்காத, நடுவீட்டுல நின்னு பேசு. யாரு வர்றான்னு எவளாச்சும் கேட்டா வர்றவுக பேரச் சொல்லு. பூ வேணாம், பழம் வேணாம்.

எப்ப வரட்டும்னு கேப்பாக. ராகுகாலமா இருந்தாலும் வரச்சொல்லு.